இங்கே ரேடியோவில் "பழைய பாட்டு" என்றால் எந்தக் காலத்துப் பாட்டு?

பழையவண்டி:

வேலை மாறி ஒஹாயோவில் ஒரு சின்ன ஊருக்கு வந்திருக்கிறேன். வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரில் ப்ளூடூத் கிடையாது, யுஎஸ்பி துளை ஒன்று இருக்கிறது, அது போனுக்கு சார்ஜ் ஏற்றுவதோடு சரி. அதனால் ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் ரேடியோதான். கேட்டதில் தோன்றியதை எல்லாம் கொட்டுகிறேன், தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

முதலில் கண்ணில் பட்டது எண்கள். எல்லா எஃப்எம் நிலையமும் ஒற்றைப்படையில் முடிகிறது, 97.3, 101.1, 105.7 என்று. 98.4 என்றோ 102.8 என்றோ தேடினாலும் கிடைக்கவில்லை. அப்புறம் மணி மாறும்போது ஒவ்வொரு நிலையமும் நான்கு எழுத்தையும் ஒரு ஊர்ப் பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. அந்த ஊர் பல நேரம் அவர்கள் நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளும் பெரிய நகரம் இல்லை, பக்கத்தில் ஏதோ ஒரு புறநகர். விளம்பரம் வந்தால் எல்லா நிலையத்திலும் ஒரே நேரத்தில் வருகிறது, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் விபத்து வழக்கு வக்கீல்தான் பேசுகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விவித் பாரதி கேட்டு வளர்ந்த எனக்குப் பழைய பாட்டு என்றால் கறுப்பு வெள்ளைக் காலம். இங்கே கிளாசிக் ஹிட்ஸ் என்று சொல்லிக்கொள்ளும் பெரிய நிலையத்தில் 80களின் பாட்டுதான் அதிகம், நடுநடுவே 90களும் வருகிறது. நான் கல்லூரியில் புதிதாகக் கேட்ட பாட்டைப் பழைய பாட்டு வரிசையில் போட்டால் எப்படி இருக்கும் சொல்லுங்கள். எல்விஸ், வாயாலேயே பின்னணி கூட்டிப் பாடும் டூ-வாப் குழுக்கள், மோட்டவுன் கம்பெனியின் 60களின் பாட்டு இதெல்லாம் நிறைய வரும் என்று நினைத்தேன், மோட்டவுன் எப்போதாவது தலை காட்டுகிறது, மற்றது மூச். அதுவும் சில நூறு பாட்டைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறார்கள். காலையில் போகும்போது கேட்ட பாட்டு சாயங்காலம் திரும்பும்போது அதே சிக்னலில் நிற்கையில் வருகிறது.

இதற்கு நேர் எதிராக ஏஎம் பக்கம் ஒரு குட்டி நிலையம். காலையில் ஒரு பெரியவர் இறப்புச் செய்தி படிக்கிறார், பிறந்தநாள் வாழ்த்து படிக்கிறார், அப்புறம் ஜனங்கள் போன் பண்ணிப் பழைய புல்வெட்டும் இயந்திரம், குழந்தைக் கட்டில், கோழிக்கூண்டு என்று விற்கிறார்கள். ஒருவர் விலையைச் சொல்லிவிட்டு போன் நம்பரைச் சொல்ல மறந்து வைத்துவிட்டார், பெரியவர் "உன் குரல் தெரிகிறது, நானே நம்பரைச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டார். அந்தப் பாட்டு 1950களுடையது! கரகர சத்தத்தோடு அது ஒரு தனி சுகம். ஆனால் இருட்டினால் அந்த நிலையம் காணாமல் போய், அதே இடத்தில் வேறு எங்கோ இருந்து யாரோ பேசுகிறார்கள்.

ஏன் பெரிய நிலையத்தில் பழையது பழையதாக இல்லை, ஏன் இந்தச் சுற்றல், ஏன் என் பெரியவர் இருட்டினால் மறைகிறார், நிஜமான பழைய பாட்டு வேறு எங்கே கிடைக்கும்?

வாரக்கடைசி_போர்டு:

வாங்க. படிக்கும் காலத்தில் இங்கே ஒரு நிலையத்தில் சனி, ஞாயிறு இரவுகளில் போர்டு பார்த்தேன். அதாவது அறிவிப்பாளர் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு, பேஸ்பால் ஆட்டத்தின் நடுவே விளம்பரத்தைத் தட்டிவிடும் வேலை. பெரிய வேலை இல்லை, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் பாட்டில் இல்லை, கேட்கிறவர் வயதில் இருக்கிறது. விளம்பரம் வாங்குகிற ஏஜென்சிகள் காசு கொடுப்பது பெரும்பாலும் 25 முதல் 54 வயதுவரை உள்ள காதுகளுக்கு. இன்றைக்கு 54 வயது என்றால் 1970களின் தொடக்கத்தில் பிறந்தவர், மீசை முளைத்த வயதில் கேட்டது 80களின் நடுப்பகுதிப் பாட்டு. மனுஷனுக்கு அந்த வயதுப் பாட்டுதான் கடைசிவரை ஒட்டிக்கொள்கிறது. 1958இல் பள்ளியில் ஆடிய ஆளுக்கு இப்போது 80 தாண்டிவிட்டது. அவர் நாள் முழுக்கக் கேட்டாலும் ஏஜென்சிக் கணக்கில் அவர் இல்லவே இல்லை. ஆகவே நிலையம் வருஷா வருஷம் ஒரு முனையில் பழையதை வெட்டி இன்னொரு முனையில் புதிதை ஒட்டிக்கொண்டே நகர்கிறது. ஓல்டீஸ், அதாவது பழைய பாட்டு, என்று இருந்த பலகையை கிளாசிக் ஹிட்ஸ் என்று மாற்றிக்கொண்டதும் இதற்குத்தான், அந்தப் பழைய பலகையைப் பார்த்தாலே விளம்பரக்காரன் தாத்தா பாட்டிக் கடை என்று நடையைக் கட்டிவிடுவான்.

நியூயார்க்கில் டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம் 101.1 கதை இதற்கு நல்ல உதாரணம். 1972இலிருந்து ஓல்டீஸ் போட்டு வந்த நிலையம், ஊரில் கோயில் மாதிரி. 2005 ஜூன் 3ஆம் தேதி முன்னறிவிப்பு இல்லாமல் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு "ஜாக்" என்ற வடிவத்துக்கு மாறினார்கள். அதாவது அறிவிப்பாளர் கிடையாது, எந்த வருஷத்துப் பாட்டுக்குப் பின்னால் எது வேண்டுமானாலும் வரும், நடுவில் பதிவு செய்த ஒரு குரல் கிண்டல் அடிக்கும். ஊரே கொதித்தது, கேட்போர் எண்ணிக்கையும் சரிந்தது. 2007 ஜூலை 12இல் பழைய பெயரையும், அந்தப் பெயரைப் பாடும் பழைய ஜிங்கிளையும் கொண்டுவந்தார்கள், அறிவிப்பாளர்களும் திரும்பினார்கள், ஆனால் 1950களின் பாட்டைப் பெரும்பாலும் வாசலிலேயே விட்டுவிட்டார்கள். ஜனங்கள் கேட்டது திரும்பக் கிடைத்தது போலவும் இருந்தது, கிடைக்காதது போலவும் இருந்தது. வியாபாரமாகப் பார்த்தால் அது சரியான முடிவு, அதற்காகப் பிடிக்க வேண்டும் என்று இல்லை.

சுற்றல் விஷயம். பாட்டைத் தேர்வது அறிவிப்பாளர் இல்லை. ஒரு ஹாலில் கொஞ்சம் பேரை உட்காரவைத்து, இல்லாவிட்டால் இப்போது ஆன்லைனில், ஒவ்வொரு பாட்டிலும் எல்லோருக்கும் தெரிந்த ஏழெட்டு விநாடித் துண்டை மட்டும் போட்டுக் காட்டுவார்கள். பிடிக்குமா, அலுத்துவிட்டதா, கேட்டதே இல்லையா என்று மதிப்பெண் போட வேண்டும். கேட்டதே இல்லை என்று கொஞ்சம் பேர் சொன்னாலும் அந்தப் பாட்டு காலி. ஒரு பாடகரின் இருபது ஹிட்டில் இரண்டு தேறும். அப்படித் தேறியவற்றை ஒரு மென்பொருளில் ஏற்றி, ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக்கூடாது, மெதுவான பாட்டு இரண்டு சேரக்கூடாது, நேற்று காலை எட்டு மணிக்கு வந்தது இன்று எட்டு மணிக்கு வரக்கூடாது என்று விதி போடுவார்கள். காலை எட்டுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் நீங்கள் ஒருவரே காரில் இருப்பீர்கள் என்பது அந்த விதிக்குத் தெரியாது. சராசரி ஆள் ஒரு தடவைக்குக் கொஞ்ச நேரம்தான் கேட்கிறார், அந்தக் கொஞ்ச நேரத்தில் தெரியாத பாட்டு வந்தால் பொத்தானை மாற்றிவிடுவார் என்பதுதான் மொத்தக் கணக்கும். தெரிந்த பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது என்று திட்டுகிறவர்கள் ரேடியோவை மாற்றுவதில்லை, தெரியாத பாட்டு வந்தால் வாய் பேசாமல் மாற்றிவிடுகிறார்கள். நானே போர்டில் இருந்தபோது இரவு இரண்டு மணிக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்று பட்டியலில் இல்லாத ஒன்றைப் போடலாமா என்று கை துறுதுறுக்கும், ஆனால் எது எப்போது ஓடியது என்று கம்ப்யூட்டர் எழுதிவைத்துவிடும்.

விளம்பரம் ஒரே நேரத்தில் வருவதற்கும் கணக்குதான் காரணம். பெரிய ஊர்களில் கொஞ்சம் பேர் இடுப்பிலோ கையிலோ ஒரு மீட்டர் மாட்டிக்கொள்கிறார்கள், நிலையம் ஒலியில் மறைத்து அனுப்பும் குறியை அது கேட்டுப் பதிவு செய்கிறது. கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடம் கேட்டால் முழுக் கால் மணியும் கணக்கில் ஏறும் என்று பல வருஷம் இருந்தது, மீட்டர் ஊர்களில் 2025இல் அதை மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். கால் மணி மாறுகிற இடத்தில் பாட்டு ஓடினால் இரண்டு பக்கமும் கணக்கு ஏறும், ஆகவே விளம்பரத்தை அங்கே வைக்காமல் நடுவில் கொத்தாகத் தள்ளுகிறார்கள். எல்லா நிலையத்துக்கும் கணக்கு ஒன்றே என்பதால் எல்லா வக்கீலும் ஒன்றாக வருகிறார்கள். சின்ன ஊர்களில் மீட்டர் கிடையாது, ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதச் சொல்வார்கள்.

மணிக்கு ஒரு தடவை ஒப்பிக்கிற ஊர், உரிமம் எந்த ஊர் பெயரில் இருக்கிறதோ அது. மணி மாறும் இடத்தில் நிலையத்தின் அடையாள எழுத்தையும் அந்த ஊரையும் சொல்லியே ஆக வேண்டும் என்பது, ரேடியோ உரிமம் கொடுக்கும் அரசு ஆணையமான எஃப்சிசியின் விதி. நாள் முழுக்கப் பெரிய நகரத்தின் பெயரைச் சொல்லி விளம்பரம் பிடித்துவிட்டு, சட்டத்துக்கு மட்டும் ஒரு விநாடி உண்மையைச் சொல்கிறார்கள்.

ஸ்கிப்பட்டன்:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? இருபது டாலருக்கு ஒரு ப்ளூடூத் அடாப்டர் வாங்கிக் காரில் செருகினால் எந்த வருஷத்துப் பாட்டு வேண்டுமோ அதைக் கேட்கலாம், வக்கீலும் வரமாட்டார். ரேடியோ செத்து ரொம்ப நாள் ஆகிவிட்டது.

வாரக்கடைசி_போர்டு:

அடாப்டர் போன் நம்பரைச் சொல்ல மறந்தவர் குரலை அடையாளம் காணுமா?

இரவலை:

மறைகிற பெரியவர் கேள்விக்கு நான் வருகிறேன், இது என் பைத்தியம்.

பகலில் வானத்தில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு ஏஎம் அலையை உறிஞ்சிவிடும், அதனால் சிக்னல் தரையை ஒட்டிப் போகிற தூரம்தான் போகும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கரைந்துவிடும், அலை மேலே உள்ள அடுக்கில் பட்டு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். எல்லா நிலையமும் பகல் பலத்திலேயே இரவிலும் ஒலித்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒன்றும் கேட்காது. ஆகவே சின்ன நிலையங்கள் இருட்டியதும் பலத்தைக் குறைக்க வேண்டும், சிலவற்றுக்கு அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்றே உரிமம். உங்கள் பெரியவர் விரும்பி மறையவில்லை, சட்டம் அவரை வீட்டுக்கு அனுப்புகிறது. குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம் போய்விடுவார், பாருங்கள்.

அந்த இடத்தில் கேட்பது யார் என்பதுதான் சுவாரஸ்யம். இரவில் ஊர் எல்லை தாண்டி நெடுஞ்சாலையில் போகும்போது ஏஎம்மை மெதுவாகத் திருகிப் பாருங்கள். 700இல் சின்சினாட்டியின் டபிள்யூஎல்டபிள்யூ உங்கள் மாநிலத்தது, எப்படியும் வரும். இப்போது 50 கிலோவாட், ஆனால் 1934 முதல் 1939 வரை அதற்கு 500 கிலோவாட் அனுமதி இருந்தது. 650இல் நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம், 1925இலிருந்து கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியை ஒலிபரப்புகிறது. 1030இல் பாஸ்டன், 1120இல் செயின்ட் லூயிஸ். 1020இல் பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ வந்தால் ஒரு கேள்வி எழும், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே டபிள்யூ, மேற்கே கே என்று ஆரம்பிக்க வேண்டுமே, இது ஏன் கே என்று. 1920இல் அதிபர் தேர்தல் முடிவைச் சொல்லித் தொடங்கிய நிலையம் அது, ஆற்றை எல்லையாக வைத்த விதி கெட்டிப்படும் முன்பே வாங்கிய எழுத்து, யாரும் பிடுங்கவில்லை.

ஒற்றைப்படை எண் பற்றி யாரும் சொல்லவில்லை. இங்கே எஃப்எம் அலைவரிசைகள் 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், 88.1இல் தொடங்கி 107.9இல் முடிகின்றன, அதனால் இரட்டைப்படை விழ வாய்ப்பே இல்லை. இதில் 88.1 முதல் 91.9 வரை வியாபாரம் செய்யாத நிலையங்களுக்கு ஒதுக்கியது. நிஜமான பழைய பாட்டு கேட்டீர்களே, முதலில் தேட வேண்டிய இடம் அங்கேதான். கல்லூரி நிலையங்களிலும் சமூக நிலையங்களிலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓய்வு பெற்ற ஆசாமி தன் வீட்டு 45 ஆர்பிஎம் தட்டுகளை, பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகளை, பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து மூன்று மணி நேரம் போடுவார். சம்பளம் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது, ஆகவே ஹிட்டின் பின்பக்கம் என்ன இருந்தது என்பதைக்கூடக் கேட்கலாம். தட்டு எந்த ஊரில் அச்சானது, அந்தக் குழுவின் இரண்டாவது பாடகர் அப்புறம் என்ன ஆனார் என்று நடுநடுவே சொல்வார்கள், பாதி அதற்காகவே கேட்பேன்.

அப்புறம் எல்பிஎஃப்எம், அதாவது குறைந்த பலத்து எஃப்எம். 2000இல் எஃப்சிசி கொண்டுவந்த வகை, அதிகபட்சம் 100 வாட், விளம்பரம் கூடாது, தேவாலயமோ பள்ளியோ ஊர்ச் சங்கமோ நடத்தலாம். ஐந்தாறு கிலோமீட்டர் தாண்டினால் கேட்காது. இவற்றில் பல பழைய பாட்டில்தான் காலம் தள்ளுகின்றன. உங்கள் ஏஎம் பெரியவருக்கும் எஃப்எம்மில் ஒரு துணைக் கருவி இருக்கலாம், ட்ரான்ஸ்லேட்டர் என்பார்கள், 250 வாட் வரை. 2015க்குப் பிறகு சின்ன ஏஎம் நிலையங்களுக்கு இதை வாங்குவதைச் சுலபமாக்கினார்கள், அது இருந்தால் இருட்டிய பிறகும் ஊருக்குள் கேட்கும். மணி மாறும்போது அவர் ஒப்பிப்பதைக் கவனியுங்கள், டபிள்யூவில் தொடங்கி நடுவில் எண்ணோடு ஒரு விசித்திரப் பெயர் வந்தால் அதுதான்.

அடுத்த கார் மின்சாரக் கார் வாங்குவதாக இருந்தால் கடையிலேயே ஏஎம் இருக்கிறதா என்று கேளுங்கள். மோட்டார் மின்னணுவின் இரைச்சல் ஏஎம்மில் புகுந்துவிடுகிறது என்று சில கம்பெனிகள் அதை எடுத்தே விட்டன. ஃபோர்டும் எடுப்பதாக இருந்து, எதிர்ப்பு வந்ததும் 2023இல் பின்வாங்கியது.

கலிஃபோர்னியா_சுமதி:

இரவலை சொன்னது எல்லாம் சரி, ஆனால் நீங்கள் எல்லோரும் பழைய பாட்டு என்றால் தட்டு, அலைவரிசை, விளம்பரம் என்றே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் அது வேறு மாதிரி. தெற்கு கலிஃபோர்னியாவில் ஆர்ட் லபோ என்று ஒருவர் இருந்தார். 1950களில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு டிரைவ்-இன் உணவகத்தின் வாசலில் இருந்து நேரடியாக ஒலிபரப்பி, காரில் வரும் பசங்களிடம் யாருக்கு எந்தப் பாட்டு என்று கேட்டுப் போடுவார். அப்படி அவர்கள் கேட்ட பாட்டுகளில் கொஞ்சம் பழையவற்றைச் சேர்த்து 1959இல் ஒரு தொகுப்பு ஆல்பம் போட்டார், பழைய பாட்டு என்பதை ஒரு சரக்காக விற்க முடியும் என்று காட்டியவர்களில் அவர் முன்னோடி. இதில் வேடிக்கை என்னவென்றால் அன்றைக்கு அவர் பழையது என்று விற்ற பாட்டுக்கு நாலைந்து வயதுகூட ஆகியிருக்காது. பழையவண்டி 90களைக் கேட்டுப் பதறுவதை நினைத்துக்கொண்டேன்.

அவருடைய இரவு நிகழ்ச்சி முழுக்க டெடிகேஷன்தான். மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் அதிகம் கேட்பார்கள். சிறையில் இருக்கும் அப்பாவுக்குப் பிள்ளைகள், கணவனுக்கு மனைவி, ஒரு குட்டிப் பெண் மழலையில் பெயரைச் சொல்லி "ஐ லவ் யூ டாடி" என்பாள், அவர் பொறுமையாகக் கேட்டு, போனிலேயே ஒரு முத்தம் கொடு என்பார், அது அப்படியே காற்றில் போகும். சிறைக்குள் ரேடியோ வைத்துக் கேட்பவர்கள் தங்கள் பெயர் வருமா என்று காத்திருப்பார்கள். அந்தப் பாட்டு ஹிட்டா இல்லையா என்று அந்த நேரத்தில் யார் கவலைப்படப் போகிறார்கள். 2022 அக்டோபரில் 97 வயதில் போய்ச் சேர்ந்தார், கடைசியாகப் பதிவு செய்த நிகழ்ச்சி அவர் இறந்த பிறகு ஒலிபரப்பானது. வாரக்கடைசி_போர்டு சொல்கிற 25 முதல் 54 கணக்கில் இது எங்கே வருகிறது? இந்த மாதிரி நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த இருபது வயதுப் பசங்களே எங்கள் பக்கம் தரையை ஒட்டித் தாழ்த்திய லோரைடர் காரில் 1960களின் மெல்லிசையைச் சத்தமாக வைத்துக்கொண்டு போகிறார்கள். கேட்க ஆள் இல்லை என்று நிலையங்கள் சொல்வதை நான் முழுசாக நம்புவதில்லை.

வாரக்கடைசி_போர்டு:

சுமதி, ஆள் இல்லை என்று நான் சொல்லவில்லை, காசு கொடுக்க ஆள் இல்லை என்றேன். ஆனால் நீங்கள் சொன்ன பசங்க விஷயம் எனக்குப் புதுசு, ஒப்புக்கொள்கிறேன், அதை எந்த மதிப்பெண் தாளும் பிடிக்காது.

பழையவண்டி:

எல்லோருக்கும் நன்றி. இரவலை சொன்னபடி கேட்டுப் பார்த்தேன், என் பெரியவருக்கு ட்ரான்ஸ்லேட்டர் இருக்கிறது! எழுத்தும் எண்ணும் கலந்த பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஆபீஸ் பார்க்கிங் தாண்டினால் இழுக்கிறது, ஆனால் ஊருக்குள் இரவிலும் வருகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். பெரிய நிலையத்தில் மதியம் பேசுகிற பெண்மணி வெளியே கொட்டுகிற மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை, வெள்ள எச்சரிக்கைக்கு அந்தப் பயங்கர பீப் சத்தம் மட்டும் வந்தது, அவர் பாட்டுக்கு வாரக்கடைசிக் கச்சேரி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இன்னொன்று, ஞாயிறு காலையில் ஒரு நிலையத்தில், அந்த வாரத்தின் முதல் நாற்பது பாட்டை வரிசையாக எண்ணிப் போடும் 1970களின் டாப் 40 நிகழ்ச்சியை முதலில் இருந்து கடைசிவரை அப்படியே போடுகிறார்கள், அதில் நான் கேட்டே இராத பாட்டு பாதிக்குப் பாதி. தெரியாத பாட்டு கூடாது என்றால் இதை மட்டும் எப்படி விடுகிறார்கள்?

வாரக்கடைசி_போர்டு:

அந்தப் பெண்மணி உங்கள் ஊரிலேயே இல்லை, அவ்வளவுதான். வாய்ஸ் டிராக்கிங் என்பார்கள். வேறு ஊரில் உட்கார்ந்து நான்கைந்து மணி நேர நிகழ்ச்சிக்கு வேண்டிய பேச்சை அரை மணியில் பதிவு செய்து அனுப்பிவிடுவார், கம்ப்யூட்டர் அதைப் பாட்டுகளுக்கு நடுவே செருகும். பாட்டின் முன்னிசை முடிந்து குரல் ஆரம்பிக்கும் நொடியில் பேச்சு சரியாக நிற்கும் பாருங்கள், முன்னெல்லாம் அது கைப்பழக்கம், இப்போது திரையில் கோடு பார்த்து ஒட்டுவது. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் நாடு முழுக்க ஒரு கம்பெனி எத்தனை நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. அதற்கு முன் 20 ஏஎம், 20 எஃப்எம்தான். அப்புறம் ஆயிரத்துக்கும் மேல் வைத்திருந்த கம்பெனியே உண்டு. பெரிய ஊரில் ஒரே ஆள் எட்டு நிலையம் வரை நடத்தலாம். கடன் வாங்கி வாங்கினார்கள், கடனை அடைக்க முதலில் கை வைத்தது அறிவிப்பாளர் சம்பளத்தில். அந்தப் பீப் தானியங்கி, அதற்கு ஆள் தேவையில்லை, அதனால்தான் அது மட்டும் மழையைப் பற்றிப் பேசியது.

ஜிங்கிளும் அதே கதை, ஆனால் அதில் எனக்குக் கோபம் இல்லை. பல நிலையங்களில் ஒரே குரல்கள் பாடுவது போலத் தோன்றினால் காது சரியாகத்தான் இருக்கிறது. டல்லஸில் பாம்ஸ், ஜாம் என்ற கம்பெனிகள் ஒரு மெட்டை உருவாக்கி, அதே பாடகர்களை வைத்து ஊர் ஊராக எழுத்தை மட்டும் மாற்றிப் பாடிக் கொடுத்தன. நாலு எழுத்தை ஆறு பேர் சேர்ந்து இவ்வளவு அழகாகப் பாட முடியுமா என்று இரவில் தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

ஞாயிறு நிகழ்ச்சி கேசி கேசம் நடத்திய அமெரிக்கன் டாப் 40, 1970 ஜூலையில் தொடங்கியது. அதே காலண்டர் வாரத்துப் பழைய பதிவைத் தேடிப் போடுகிறார்கள். அந்த வாரத்தில் 37ஆம் இடத்தில் இருந்து அடுத்த வாரமே மறைந்த பாட்டும் வந்தாக வேண்டும், நீக்கினால் எண்ணிக்கை இடிக்குமே. ஞாயிறு காலை கேட்பவர் குறைவு, விளம்பரக்காரருக்கும் அக்கறை இல்லை, அதனால் விதி அங்கே தூங்குகிறது. அந்த மாதிரி தூங்குகிற நேரங்களில்தான் நல்லது கிடைக்கும்.

ஸ்கிப்பட்டனுக்கும் ஒரு தகவல். இங்கே ஏஎம், எஃப்எம் நிலையங்கள் பாட்டு எழுதியவருக்கு மட்டும்தான் காசு கொடுக்கின்றன, பாடியவருக்கும் ரெக்கார்டு கம்பெனிக்கும் கிடையாது. இணையத்தில் ஓடினால் பாடியவருக்கும் உண்டு. அதிலும் 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய பதிவுகளுக்கு மத்தியக் காப்புரிமையே இல்லாமல் இருந்தது, 60களில் பாடிய டர்ட்டில்ஸ் குழுவினர் செயற்கைக்கோள் ரேடியோ மீது வழக்குப் போட்டுப் போராடினார்கள், 2018இல் வந்த சட்டம்தான் டிஜிட்டலில் அதைச் சரிசெய்தது. ஆகவே எல்விஸ் காலத்துப் பாடகருக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்றால் உங்கள் அடாப்டர்தான் நியாயம், அதை நான் மறுக்கவில்லை.

பழையவண்டி, கடைசியாக ஒரு எச்சரிக்கை. நவம்பர் நடுவில் ஒரு நாள் வழக்கமான பொத்தானை அழுத்தினால் கிறிஸ்துமஸ் பாட்டு வரும், அடுத்தும் அதுவே வரும், டிசம்பர் 25 வரை இருபத்து நாலு மணி நேரமும் அதுதான். காரில் கோளாறு இல்லை. அந்த வாரங்களில் கேட்போர் கணக்கு எகிறுவதால் பல நிலையங்கள் மொத்தமாக மாறிவிடும்.

பழையவண்டி:

நவம்பரிலேயேவா?

இரவலை:

சில ஊரில் அதற்கும் முன்னாலேயே. பெரியவர் மாறமாட்டார், கோழிக்கூண்டு விற்பனைக்கு நடுவே ஒன்றிரண்டு போடுவார், அங்கே போய்விடுங்கள்.